துடிக்கும் சதை வேறு, கைவிடும் சதை வேறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்பகுதியிலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது.

துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. கடந்த ஏப்ரலில், காம்ரேட்ஸ் எனும் சுமார் 90 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி உச்சத்தில் இருந்தபோது இடது கண்ணிமை துடிக்கத் தொடங்கியது. ஆணுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று மாமியார் சொல்ல, அப்போது சிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் அது நின்றது, ஆனால் கெண்டைச் சதை துள்ள ஆரம்பித்தது. ஜூலை, ஆகஸ்டுக்குள் தொடை, கட்டைவிரல் மேடு, தோள், விலா என்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. நடக்கும்போது தெரிவதில்லை, படுத்ததும் தொடங்குகிறது. சில காலைகளில் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. இணையத்தில் தேடியதும் மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும் நோய்) என்ற பெயர் வந்து நின்றது. ரக்பி ரசிகரான அவருக்கு, அந்த நோயால் இறந்த தென்னாப்பிரிக்க ரக்பி வீரர் யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹெய்சனின் கடைசி ஆண்டுகள் கண்முன் வந்தன. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. தினமும் கெண்டைக்காலை டேப் வைத்து அளக்கிறார். ஒவ்வொரு காலிலும் நாற்பது முறை குதிகால் உயர்த்திப் பார்க்கிறார். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறார். குடும்ப மருத்துவர் ஐந்து நிமிடத்தில் 'டென்ஷன்' என்று அனுப்பிவிட்டாராம். தானே கேட்டு மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் குறை எதுவும் இல்லை. புரட்டாசி முழுக்கச் சைவமாக இருந்ததால் பி12 குறைந்திருக்குமோ என்று நரம்பு வைட்டமின் மாத்திரையை ஒரு நாளைக்கு மூன்று விழுங்குகிறார்.

கடிதத்தின் ஓரத்தில், பெரிதாக நினைக்காமல், இன்னும் சிலவற்றையும் எழுதியிருக்கிறார். தினம் ஐந்து குவளை காபி. நீண்ட ஓட்டத்தன்று இரண்டு பெரிய டின் எனர்ஜி பானம். குளிர்காலத்திலிருந்து (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) ஆஸ்துமாவுக்கு நீல பம்ப், அதாவது உடனடி நிவாரண இன்ஹேலர், ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை. படபடப்புக்கு மைத்துனர் தந்த புரோப்ரனலால் மாத்திரை கையில் இருக்கிறது, இன்னும் போடவில்லை.

அன்புள்ள வாசகரே, முதலில் அந்தப் புரோப்ரனலாலை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இதயத் துடிப்பைத் தணிக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். நீல பம்ப் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, அதே பூட்டை இது அடைக்கிறது. ஒரே ஒரு மாத்திரை கடும் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டதுண்டு.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது மோட்டார் நியூரான் நோயின் சாயலில் இல்லை என்று சொல்லலாம். ஏன் என்பதை விளக்குகிறேன்.

துடிப்பு எங்கே பிறக்கிறது

தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பணு, நீளமான ஒரு இழை வழியாகத் தசைக்குள் போய்ப் பல கிளைகளாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான தசை நார்களை ஆள்கிறது. அந்த இழையின் கிளை நுனி தானாக ஒரு முறை பொறி தட்டினால் அது ஆளும் நார்கள் மட்டும் சுருங்கும். தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் தெரியும், மூட்டு அசையாது. நலமாக இருப்பவர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு இது எப்போதாவது வருகிறது. களைத்த தசை, தூக்கமின்மை, காஃபின், சில மருந்துகள், பதற்றம் ஆகியவை அந்த நுனிகளை எளிதில் பொறி தட்டும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. கெண்டைச் சதையும் கண்ணிமையும் இதற்குப் பேர்போன இடங்கள். வேலை செய்யும்போது அந்த நரம்பணுக்கள் முறையாக இயங்குவதால் துடிப்பு தெரிவதில்லை. ஓய்ந்து படுத்ததும் கண்ணில் படுகிறது.

மோட்டார் நியூரான் நோயில் அந்த நரம்பணுவே சாகிறது. அங்கும் துடிப்பு உண்டு. ஆனால் நோயாளி மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் துடிப்புக்காக அல்ல. சாவி திருப்ப வரவில்லை, பொத்தான் போட முடியவில்லை, படியில் கால் விரல் இடறுகிறது, பேச்சு குழறுகிறது என்று வருகிறார்கள். யூஸ்டின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர் அவர். 2011ல் நோய் உறுதியானது. அதற்கு முன் அவரிடம் தெரிந்தது கையின் பலவீனமும் பேச்சின் தடுமாற்றமும்தான். 2017 பிப்ரவரியில் 45 வயதில் இறந்தார். நீங்கள் அவரை நினைத்துப் பயந்தது இயல்பு, ஆனால் உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக நீங்கள் கண்டது துடிப்பு ஒன்றைத்தான். அவர் கை வேலையைக் கைவிட்டது. உங்கள் கால் ஒவ்வொரு இரவும் நாற்பது முறை உங்கள் முழு எடையைத் தூக்குகிறது. பலருக்கு இருபத்தைந்தே கடினம்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 1993ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பலவீனம் இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துடிப்பு முதலில் வந்து, சில மாதங்களில் பலவீனம் தொடர்ந்த நோயாளிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். மிக அரிது, ஆனால் இருக்கிறார்கள். அதனால்தான் 'டென்ஷன்' என்ற ஒற்றைச் சொல்லோடு உங்களை அனுப்பியது போதாது என்கிறேன். முறையான ஒரு பரிசோதனை உங்களுக்கு வேண்டும்.

விரல் நுனி ஊறலைக் கண்டு இன்னும் பயந்திருக்கிறீர்கள். உண்மையில் அது எதிர்த் திசையைக் காட்டுகிறது. மோட்டார் நியூரான் நோய் இயக்க நரம்பைத் தாக்குவது, மரத்துப்போவதும் ஊறலும் அதன் குணமல்ல. காலையில் மட்டும் விரல் ஊறினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பயத்தில் வேகமாக மூச்சு விடுவதும் இதைச் செய்யும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் இரத்தத்தின் காரத்தன்மை கூடும், நரம்புக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். விளைவாக விரலும் உதடும் ஊறும், சதையும் துடிக்கும். துடிப்பைப் பார்த்துப் பயம், பயத்தால் மூச்சு, மூச்சால் மறுபடி துடிப்பு. செக்கு மாடு சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்யும் சோதனைகளும் அந்தச் சுற்றில் சேர்த்திதான். நாற்பது முறை குதிகால் உயர்த்திய கெண்டை, படுத்ததும் துள்ளாமல் என்ன செய்யும்? நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும். அதனால்தான் மருத்துவர்கள் நாக்கை வாய்க்குள் ஓய்வாக வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு கெண்டைகளுக்கும் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். டேப்பை அரை அங்குலம் மேலே வைத்தாலே அளவு மாறிவிடும். டேப்பை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாதம் ஒரு முறை போதும்: குதிகாலில் பத்து அடி, முன்பாதத்தில் பத்து அடி நடந்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது நீல பம்ப்

உங்கள் கடிதத்தில் ஆபத்தானது என்று எனக்குப் படுவது துடிப்பு அல்ல. சட்டைப் பையில் இருக்கும் அந்த நீல பம்ப்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பம்பில் 200 முறை இழுக்க மருந்து இருக்கும். தினம் எட்டு முறை என்றால் 25 நாளில் தீர்ந்துவிடும். ஆண்டுக்குப் பதினான்கு, பதினைந்து பம்ப். ஆண்டுக்கு மூன்று நீல பம்ப் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது என்றும், பன்னிரண்டைத் தாண்டினால் ஆஸ்துமாவால் இறக்கும் அபாயமே கூடுகிறது என்றும் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் எச்சரிக்கின்றன. நீல பம்ப் மூச்சுக்குழாயைத் தற்காலிகமாக விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதற்கு ஸ்டீராய்டு கலந்த தடுப்பு பம்ப் வேண்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கூண்டுகளைப் பார்த்து வளர்ந்த டர்பன் தெற்கு மக்களுக்கு மூச்சு வாங்குவது பழகிப்போன விஷயம். பழகிவிட்டது என்பதாலேயே யாரும் அதைக் கடிதத்தின் நடுவில் எழுதுவதில்லை.

உங்கள் துடிப்புக்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் கை நடுக்கம், படபடப்பு, சதைப் பிடிப்பு எல்லாம் தரும். அளவு கூடினால் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் இறக்கும். ஏப்ரலில் இமையும் கெண்டையும் மட்டும் துடித்தன. உடம்பு முழுக்கப் பரவியது ஜூலை, ஆகஸ்டில். பம்ப் கூடியதும் அப்போதுதான். இது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். துடிப்பு நிற்கட்டும் என்று பம்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, தடுப்பு பம்ப் தொடங்கி, இழுக்கும் முறையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழற்சி தணியத் தணிய நீல பம்பின் தேவை தானாகக் குறையும்.

காபிக்கும் கணக்கு உண்டு. ஒரு குவளை இன்ஸ்டன்ட் காபியில் சுமார் 60 முதல் 80 மில்லிகிராம் காஃபின். 500 மில்லி எனர்ஜி பானத்தில் சுமார் 160. நீண்ட ஓட்டத்தன்று நீங்கள் 600ஐத் தாண்டுகிறீர்கள். வளர்ந்தவர்களுக்கு 400 வரை என்பது பொதுவான வரம்பு. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளுக்கு ஒரு குவளை வீதம் குறைத்து, இரண்டு வாரத்தில் காலையில் ஒன்று என்ற நிலைக்கு வாருங்கள். உடலில் ஏறிய காஃபினில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும், எனவே மதியத்துக்குப் பிறகு வேண்டாம். மாலையில் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் ரூயிபோஸ் இருக்கிறது, அதில் காஃபின் கிடையாது.

பி12 விஷயத்தில் புரட்டாசியைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஈரலில் சேர்ந்திருக்கும் பி12 ஆண்டுக்கணக்கில் வரும், ஒரு மாத விரதத்தில் தீராது. தவிர, துடிப்பு தொடங்கியது ஏப்ரலில், விரதமோ செப்டம்பரில். ஆண்டு முழுக்கச் சைவம் என்றாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தாலோ அது வேறு பேச்சு. நரம்பு வைட்டமின் அட்டையைத் திருப்பி பி6 எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மாத்திரையில் 100, 200 மில்லிகிராம் வைத்து விற்பதுண்டு. அதை மூன்று வேளை மாதக்கணக்கில் போட்டால் உணர்ச்சி நரம்புகளே சேதப்படும். விரல் ஊறல் அந்த மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று யோசியுங்கள். எப்படியிருந்தாலும் இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

'எனக்கு அந்த நோயா?' என்று கேட்டால் 'இல்லை, போங்கள்' என்றுதான் பதில் வரும். 'முழு நரம்புப் பரிசோதனை செய்யுங்கள்' என்று கேளுங்கள். அரைக்கால் சட்டையோடு படுக்கவைத்து, தொடை, கெண்டை, முதுகு, வாய்க்குள் இருக்கும் நாக்கு ஆகியவற்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டின் பலத்தையும் எதிர்த்துத் தள்ளிப் பார்த்து, சுத்தியலால் தட்டி, உள்ளங்காலைக் கீறிப் பார்க்க வேண்டும். இருபது நிமிட வேலை. இதற்கென்று தனி நேரம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு, தசை நொதியான சி.கே. ஆகியவற்றைப் பார்த்தால் போதும். சி.கே.வுக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஓடாதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் அது பல மடங்கு ஏறியிருக்கும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி இணையத்தில் இறங்குவீர்கள்.

நரம்பியல் நிபுணரைப் பார்க்க அரசு வழி என்றால் கிளினிக், மாவட்ட மருத்துவமனை என்று படிப்படியாகப் பரிந்துரை வேண்டும். கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையில் நேரே போய் வரிசையில் நிற்க முடியாது. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தாலும் பல திட்டங்களில் குடும்ப மருத்துவரின் கடிதமும் முன் அனுமதியும் கேட்பார்கள். இல்லாமல் போனால் கட்டணம் உங்கள் தலையில் விழும். பரிந்துரைக் கடிதத்தில் 'துடிப்பு' என்று மட்டும் எழுதாமல் எவ்வளவு காலம், எந்தெந்த இடம், பலவீனம் உண்டா, தசை மெலிவு உண்டா என்று எழுதச் சொல்லுங்கள். எந்த அவசரத்தில் உங்களைப் பார்ப்பது என்பதை அந்தக் கடிதத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மூளை எம்.ஆர்.ஐ.யில் காசு போனதுதான் மிச்சம், இந்தக் கேள்விக்கு அது விடை சொல்லாது. விடை சொல்லக்கூடியது ஈ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செருகி, ஓய்விலும் இறுக்கும்போதும் மின்னோட்டத்தைப் பார்ப்பார்கள். கூடவே நரம்புக் கடத்தல் சோதனையும் செய்வார்கள். ஊசி சுருக்கென்று குத்தும், பொறுக்கக்கூடிய வலிதான். அன்று தோலில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள். கை கால் சில்லிட்டிருந்தால் கடத்தும் வேகம் குறைவாகக் காட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரோ பேஸ்மேக்கர் உள்ளவரோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் கையால் செய்யும் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் ஈ.எம்.ஜி. கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் மனம் அடங்க ஒரு முறை செய்துகொள்வதில் தவறில்லை. ஒரு முறை என்பதைக் கவனியுங்கள். 'போன மாதம் சரி, இந்த மாதம்?' என்று திரும்பத் திரும்பச் செய்துகொள்பவர்களுக்கு நிம்மதி ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து மருத்துவர் மறுபடி கையால் சோதித்துப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

துடிப்போடு கடும் சதைப் பிடிப்பும், தசை விறைப்பும், அளவுக்கு மீறிய வியர்வையும் இருந்தால் மட்டும் வேறொரு நோயைத் தேட வேண்டும். அதற்கு ஐசக்ஸ் நோய் என்று பெயர். 1961ல் அதை விவரித்த ஹையம் ஐசக்ஸ் ஜோஹன்னஸ்பர்கைச் சேர்ந்தவர். மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய நோய் அது. உங்கள் கடிதத்தில் அதன் அறிகுறிகள் இல்லை.

காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

- முன்பு செய்த வேலை ஒன்றை ஒரு கை அல்லது கால் செய்ய மறுத்து, அது வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவது. களைப்பாக இருக்கிறது என்ற உணர்வு இதில் சேராது.
- கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிவிழுவது, பாதம் தொங்குவது.
- மற்றவர்கள் கவனித்துச் சொல்லும் அளவுக்குப் பேச்சு குழறுவது, தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது.
- மூச்சுத்திணறலில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போவது, நீல பம்ப் இழுத்தும் அடங்காதது. இது ஆஸ்துமா. மருத்துவரின் அறைக்கு அல்ல, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவை. ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமா அடங்கும் வரை, குறைந்தது மூன்று வாரம், தூரத்தைப் பாதியாக்கி மேட்டு ஓட்டத்தை விடுங்கள். துடிப்புக்காக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கிறீர்களே, அது வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகும் என்று தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ் 1985லேயே எழுதினார். அவர் பார்த்தவர்களில் காம்ரேட்ஸ் ஓடியவர்களும் இருந்தார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

மருத்துவரிடம் போகும் முன் 'டிரெட் டிசீஸ்' (கொடிய நோய்க்கான காப்பீடு) பாலிசி ஒன்று எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிசி எடுக்கலாம், மறைத்து எடுக்கக் கூடாது. விண்ணப்பத்தில் அறிகுறிகளையும் செய்த ஸ்கேனையும் கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தது ஏற்கனவே பதிவில் இருக்கிறது. பின்னாளில் கேட்புரிமை கோரும்போது முக்கியமான ஒன்றை மறைத்தது தெரிந்தால் மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். கட்டிய தவணையெல்லாம் வீண். பரிசோதனை முடிந்து, 'பலவீனம் இல்லை, நரம்பு நோய்க்கான அடையாளம் இல்லை' என்று எழுதிய அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து விண்ணப்பிப்பதுதான் உங்களுக்கு லாபம்.

தூக்கமும் பயமும் ஆறு வாரத்தில் வழிக்கு வராவிட்டால் உளவியல் நிபுணரைப் பார்க்கத் தயங்காதீர்கள். நோய் பயத்துக்கென்றே முறையான பேச்சு சிகிச்சை இருக்கிறது. பைத்தியம் என்று யாரும் முத்திரை குத்தப் போவதில்லை.

தைப்பூசத்துக்கு நீங்கள் காவடி எடுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். விரத நாட்களிலும் தடுப்பு பம்பை விடாதீர்கள், அது உணவாகாது. இழுத்த பிறகு வாய் கொப்பளியுங்கள். கற்பூரமும் சாம்பிராணியும் உங்கள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது, கூட்டத்தில் புகைக்கு எதிர்ப்பக்கமாக நடங்கள். நீல பம்ப் கூட வருபவர் கையில் இருக்கட்டும். வெயிலில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்த பிறகு இரண்டு நாள் கெண்டைச் சதை நன்றாகவே துள்ளும்.